கஞ்சியா, நூலா? - சென்னிமலைத் தறிகளும் தான தர்மமும்

ஏழைக்குப் பணம் கொடுத்தால் ஏழ்மை குறையுமா? கேட்பதற்குச் சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பெரிய பெரிய ஆட்களே இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குள் வந்த சமயத்தில் பீட்டர் சிங்கர் என்ற இளம் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். குளத்தில் ஒரு குழந்தை மூழ்கும்போது கரையில் நிற்பவன் "துணி நனைந்துவிடுமே" என்று யோசிப்பானா? மாட்டான் என்றால், தூர தேசத்தில் பட்டினியில் சாகிற குழந்தைக்காகவும் நம் பையிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தரத்தானே வேண்டும்? இதுதான் அவர் வாதம். எதிர்த்தரப்பில் வில்லியம் ஈஸ்டர்லி போன்றவர்கள், "ஐம்பது வருடமாகக் கொட்டிய பணமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்கிறார்கள்.

இரண்டு தரப்புமே எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அதிகம் சண்டை போடுகிறது. எதைக் கொடுப்பது, அதை யாரிடம் வாங்கிக் கொடுப்பது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி தெரியும். அதற்கு நியூயார்க் வரை போக வேண்டாம். ஈரோட்டுக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிற சென்னிமலை போதும்.

சென்னிமலை என்றதும் பலருக்கு மலைமேல் இருக்கும் முருகன் ஞாபகம் வரும். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று சொல்வார்கள். மற்றவர்களுக்கு பெட்ஷீட் ஞாபகம் வரும். இந்தப் பக்கத்து வீடுகளில் கனமான ஒரு சென்னிமலை போர்வையாவது இருக்கும், துவைக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்! அந்தப் போர்வையை நெய்தவர்களுக்கு யார் யார் எப்படி உதவினார்கள் என்று பார்த்தாலே தான தர்மத்தின் வரலாறு பாதி வந்துவிடும்.

முதலில் தாது வருஷப் பஞ்சம். 1876-ல் ஆரம்பித்து 1878 வரை தென்னிந்தியாவை அடித்துப் போட்ட பஞ்சம் அது. சென்னிமலை அன்று கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் 17.6 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து 1881-ல் எடுத்தபோது 16.6 லட்சத்துக்கும் கீழே. கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகை ஒரு லட்சம் குறைந்திருக்கிறது என்றால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்சம் என்றால் விவசாயிக்குத்தான் அடி என்று நினைக்கிறோம். நெசவாளிக்கு விழுந்த அடி இன்னும் விசித்திரமானது. அவனுக்குப் பயிர் இல்லை, அதனால் பயிர் கருகவும் இல்லை. தறி அப்படியே இருக்கிறது, கையில் வித்தை இருக்கிறது. ஆனால் சோற்றுக்கே வழியில்லாத ஊரில் வேட்டி யார் வாங்குவார்கள்? ஒரு பக்கம் தானிய விலை ஏறுகிறது, இன்னொரு பக்கம் துணிக்கு ஆள் இல்லை. அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னது இதைத்தான். உணவு இல்லாததால் மட்டும் ஜனங்கள் சாவதில்லை, உணவை வாங்கும் சக்தி போவதாலும் சாகிறார்கள். 1877-ன் நெசவாளி அதற்குச் சரியான உதாரணம்.

அன்றைய அரசாங்கம் கொடுத்த நிவாரணம் கூலி வேலை. ரோடு போடுவது, கல் உடைப்பது, மண் சுமப்பது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று கூலியை இறக்கினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதுவும் நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு. சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இதை எதிர்த்துக் கடுமையாகச் சண்டை போட்டார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை மறுபடி ஏற்றியது. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

நெசவாளிக்கு இந்த வேலையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. மெல்லிய இழை அறுந்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுபிடிக்க வேண்டும். அந்த விரலை வைத்து மூன்று மாதம் ஜல்லி உடைத்தால் பஞ்சம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அது நெசவுக்கு உதவாது. உயிர் மிஞ்சும், தொழில் போய்விடும்.

சென்னை மாகாணத்தில் சில அதிகாரிகளுக்கு இது புரிந்தது. 1877-ல் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, அவர்கள் நெய்த துணியை அரசே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஜல்லி உடைக்கப் போகாமல் அவனவன் வீட்டுத் தறியிலேயே வேலை. பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு வந்த பஞ்ச விதிகளில் நெசவாளர்களுக்கு அவர்கள் தொழிலிலேயே நிவாரணம் தருவது ஒரு தனி ஏற்பாடாக இடம் பிடித்தது. பெரிதாகப் பேசப்படாத ஒரு சங்கதி, ஆனால் இந்தக் கட்டுரைக்கு அதுதான் வேர்.

அதே 1877 ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு இங்கிலாந்து மக்களிடம் நன்கொடை கேட்டார். லண்டன் மேயர் தலைமையில் நிதி திரண்டது. ஆறு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. இன்றைய 'குளோபல் சாரிட்டி'க்கெல்லாம் இது ஒரு பாட்டன் என்று சொல்லலாம். லிட்டனுக்கு இந்த வசூல் பிடிக்கவே இல்லை. ஜனங்களுக்கு எது வேண்டுமோ அதை அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது என்பது அவர் நிலை. (பார்த்துக்கொண்ட லட்சணம்தான் மேலே இருக்கிறது.) அந்த நிதிக் கமிட்டியில் வேலை செய்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி பிறகு இரண்டு பெரிய தொகுதிகளாக எல்லாவற்றையும் எழுதி வைத்தார். உயிரைக் காப்பது அரசின் வேலை என்று ஒதுக்கிவிட்டதால், நன்கொடைப் பணத்தின் பெரும்பகுதி வேறு காரியத்துக்குப் போனது. மாடு, விதை, ஏர், கூரை, துணி. பிச்சைக்காரனாக ஆகிவிட்ட குடியானவனை மறுபடி குடியானவனாக நிற்க வைப்பதற்கு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கஞ்சி ஊற்றுவது செலவுக் கணக்கு, அன்றைக்கே தீர்ந்துவிடும். நூலும் ஏரும் நடைமுறை மூலதனம், சுற்றிச் சுற்றி வரும். கஞ்சி கூடாது என்று அர்த்தமில்லை. செத்துப் போனவனுக்கு மூலதனம் எதற்கு? ஆனால் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த பஞ்சத்துக்கும் அதே வரிசையில் அதே ஆட்கள் நிற்பார்கள்.

பஞ்சம் போனது, நெசவாளியின் கஷ்டம் போகவில்லை. 1904 அக்டோபர் 4-ல் சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். நெசவில் வருகிற வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை என்று திருப்பூருக்குப் போய் மில்லில் எடை போடும் வேலையில் சேர்ந்தான். 1932 ஜனவரியில் கையில் கொடியோடு ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து இறந்த கொடி காத்த குமரன்தான் அது. அவர் தியாகத்தைப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அவர் ஏன் திருப்பூரில் இருந்தார் என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவாகக் கேட்பதில்லை. சென்னிமலைத் தறி சோறு போடவில்லை, அதனால்தான்!

தறி ஏன் சோறு போடவில்லை? நூல் வியாபாரியும் துணி வியாபாரியும் பெரும்பாலும் ஒரே ஆள். நூலைக் கடனுக்குக் கொடுப்பார், துணியை அவரே எடுத்துக்கொள்வார், இரண்டு விலையையும் அவரே சொல்வார். நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் முன்பணமும் அவரே கொடுப்பார். அதன் பிறகு வேறு ஆளிடம் போக முடியாது. முதலாளி கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கணக்கு அப்படி அமைந்துவிட்டது. இந்த நிலையில் இருக்கும் நெசவாளிக்கு ஒருவர் நூறு ரூபாய் தானம் கொடுத்தால் அது நேராக முதலாளியின் பாக்கிக் கணக்கில் போய் வரவாகும்.

1925-ல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார். மழை பொய்த்துப்போன அந்தக் கிராமங்களில் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூல் நூற்கச் சொல்லி, நூற்றதற்குக் கூலி கொடுத்தார்கள். உடல் நன்றாக இருக்கிறவனுக்குச் சும்மா சோறு போடுவது அவனையும் கெடுக்கும், போடுகிறவனையும் கெடுக்கும் என்பது காந்தியின் கட்சி. அதனால் வேலை கொடு என்றார். கதர் மில் துணியைவிட விலை அதிகம், தெரிந்தேதான் நகரத்து ஆட்கள் வாங்கினார்கள். அந்த அதிகப்படி விலையை என்னவென்று சொல்வது? ஒரு கோணத்தில் அதுவும் தானம்தான், ரசீது போட்ட தானம். வாங்குகிறவரின் தேசபக்தி இருக்கும்வரை அது ஓடும். அது குறைந்தால் ராட்டையும் நிற்கும். பின்னால் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

சென்னிமலையின் பாதை வேறு மாதிரி போனது. கூட்டுறவு இந்தியாவுக்குச் சட்டமாக வந்தது 1904-ல். நெசவாளர் கூட்டுறவுகளுக்காகச் சென்னை மாகாண அளவில் தலைமைச் சங்கம் ஒன்று 1935-ல் அமைந்தது, இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று சொல்வது அதைத்தான். 1941-ல் சென்னிமலை நெசவாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சென்டெக்ஸ். அதை முன்னின்று தொடங்கியவர் எம்.பி. நாச்சிமுத்து முதலியார்.

நேரமும் கவனிக்க வேண்டிய நேரம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. சீக்கிரமே நூல் தட்டுப்பாடு, கள்ள மார்க்கெட், அப்புறம் அரசின் கட்டுப்பாட்டு விலை. கோட்டா நூல் வர வேண்டுமென்றால் சங்கம் இருந்தால் வசதி. மாகாணம் முழுக்கச் சங்கங்கள் காளான் மாதிரி முளைத்தன, போர் முடிந்து நூல் சரளமாகக் கிடைத்ததும் பல காணாமல் போயின. சென்டெக்ஸ் நின்றது. நூலுக்காக மட்டும் சேர்ந்த சங்கமாக இருந்திருந்தால் அதுவும் படுத்திருக்கும்.

சங்கம் செய்தது என்ன? முதலாளி செய்த அதே மூன்று காரியம்தான்: நூல், கடன், விற்பனை. ஆனால் உறுப்பினர் பங்குத் தொகை கட்டியிருக்கிறார், அதனால் சங்கமே அவருடையது. பாவும் ஊடை நூலும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் நெய்கிறார். துணியைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். லாபம் வந்தால் போனஸ் வரும். கூலியில் ரூபாய்க்கு 8 பைசா சேமிப்புக்குப் பிடிப்பார்கள், அதற்கு மேல் அரசு தன் பங்கைப் போடும். வயதான காலத்துக்கு ஓய்வூதியத் திட்டம். இதில் எந்த இடத்திலும் நெசவாளி கையேந்தவில்லை, ஆனால் பொதுப் பணமும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கைத்தறிக் கடையில் கிடைக்கும் தள்ளுபடிக்கு அரசு மானியம் தருகிறது. துணி விற்றால்தான் அந்தப் பணம் வரும். யார் எவ்வளவு பசியோடு இருக்கிறார் என்று யாரும் எடை போட வேண்டியதில்லை.

அப்படியும் கஞ்சி விட்டபாடில்லை. 1950-களின் ஆரம்பத்தில் கைத்தறித் துணி தேங்கிப்போய் நெசவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன.  முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டி சேலை நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டில்லியிடம் கேட்டார். முழுசாகக் கிடைக்கவில்லை. மில்கள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு வரம்பு வந்தது, 1953-ல் மில் துணிக்கு கஜத்துக்கு 3 தம்பிடி வரி போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பினார்கள். எதிர்முகாமில் இருந்த அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு கட்சி, ஆனால் மருந்து ஒன்றே. துணி விற்க வேண்டும்! உண்டியல் குலுக்கியிருந்தால் வசூல் அதிகமாகக்கூட வந்திருக்கும். தறி நின்றுதான் இருக்கும்.

2000-களின் ஆரம்பத்தில் மறுபடியும் கஞ்சித் தொட்டிகள் செய்தியில் வந்தன. ஐம்பது வருடத்தில் ஒரு வட்டம்.

நடுவில் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒரு திட்டம் வந்தது. பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை. கிண்டல் செய்தவர்கள் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் நோக்கத்தைப் படித்தால் இரண்டு விஷயம் இருக்கும்: ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வருடம் முழுக்க வேலை. ஒரே ரூபாய் இரண்டு ஏழைகளைத் தொடுகிறது. 1877-ல் அவசரத்துக்குச் செய்ததை அரசு ஒரு நிரந்தர ஏற்பாடாக ஆக்கிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். இப்போது வருடத்துக்குச் சுமார் ஒன்றே முக்கால் கோடி சேலை, அதே அளவு வேட்டி. ஒரே சிக்கல், இந்த எண்ணிக்கையைக் கைத்தறியால் நெய்ய முடியாது. ஆர்டரில் பெரும்பகுதி விசைத்தறிக்குப் போகிறது. விசைத்தறிக்காரரும் ஏழைதானே என்றால், ஆமாம், நிறையப் பேர் ஏழைதான். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்காகப் பேச ஆரம்பித்த திட்டம் மெதுவாக அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிட்டது.

எதைக் கொடுப்பது என்பதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, அழுக்கு, மீனவக் குடும்பங்களுக்குப் பயன்படாத ரகங்கள். ரோட்டோரத்தில் மலையாகக் கிடந்தது. டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலை அள்ளிப் பிரித்து வேறு பொருளாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த லாரி வாடகைக்குச் சென்னிமலையிலோ குறிஞ்சிப்பாடியிலோ புதுப் போர்வை வாங்கி அனுப்பியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆப்பிரிக்காவில் இதே கதை பல மடங்கு பெரியது. பணக்கார நாடுகளில் தானமாகப் போடும் பழைய துணி மூட்டை மூட்டையாக அங்கே சந்தைக்குப் போகிறது. கார்த் ஃப்ரேசர் என்ற பொருளாதார அறிஞர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 1981-லிருந்து 2000 வரை ஆப்பிரிக்காவில் ஆடை உற்பத்தி விழுந்ததில் சுமார் 40 சதவீதத்துக்குப் பழைய துணி இறக்குமதிதான் காரணம் என்று கணக்கிட்டார். கொடுத்தவர் மனசு நல்ல மனசுதான். அந்தச் சட்டையை மலிவாக வாங்கிய ஏழைக்கும் லாபம்தான். போனது தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஏழையின் பிழைப்பு.

சரி, நூல் கொடுப்பதுதான் எப்போதும் சரியா? அங்கேதான் கதை கொஞ்சம் சங்கடமாகிறது. மேற்கு வங்கத்தில் பந்தன் அமைப்பு பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாடோ ஆடோ கொடுத்து, கொஞ்ச நாளைக்குச் செலவுக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு (2019-ல் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து நோபல் வாங்கியவர்கள்) பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. அதே மாதிரித் திட்டத்தை ஆந்திரப் பிரதேசத்தில் செய்து பார்த்தபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. காரணம் வேடிக்கையானது. அந்தச் சமயத்தில் அந்தப் பகுதியில் கூலி வேலைக்குச் சம்பளம் ஏறியிருந்தது. மாடு கிடைக்காதவர்கள் கூலி வேலைக்குப் போய் முன்னேறிவிட்டார்கள். மாடு கிடைத்தவர்கள் மாட்டைக் கட்டிக்கொண்டு இருந்ததால் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். முடிவில் இரண்டு பேரும் ஒரே இடத்தில்.

சென்னிமலைக்கு இது நன்றாகவே பொருந்தும். பெருந்துறை சிப்காட் பக்கத்திலேயே இருக்கிறது, திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஒரு பஸ் தூரம். 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கில் அது 43 லட்சம். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. சங்கம் முதலாளியின் பிடியை உடைத்தது உண்மை. கூலியை மில் சம்பளத்துக்கு ஏற்ற அதனால் முடியவில்லை. ஒரு போர்வையை நெய்ய ஆகும் நேரத்தைச் சங்கத்தால் குறைக்க முடியாதே.

இதில் சட்டத்தின் பங்கும் இருக்கிறது. 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், மில்களும் விசைத்தறிக்காரர்களும் கோர்ட்டுக்குப் போக, 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகு ரகங்கள் 11 ஆகச் சுருங்கின. அந்தப் பதினொன்றில் பெட்ஷீட்டும் ஒன்று, துண்டும் ஒன்று. அதாவது குறிப்பிட்ட வகைப் பருத்திப் போர்வையை விசைத்தறியில் நெய்வதே சட்டப்படி குற்றம். நடைமுறையில் விசைத்தறிப் போர்வை 'சென்னிமலை பெட்ஷீட்' என்ற பெயரிலேயே மூட்டை மூட்டையாகப் போகிறது என்பது ஊர் நெசவாளர்களின் நெடுநாள் புகார். அவர்கள் கேட்பது நன்கொடை இல்லை, இருக்கிற சட்டத்தை அமல்படுத்தச் சொல்கிறார்கள். இதற்கு உண்டியல் எதுவும் தேவையில்லை, ரெய்டு போக ஒரு ஜீப் போதும்.

இன்றைக்கு ஒரு சங்கக் கடைக்குப் போனால் கைத்தறி முத்திரை போட்ட போர்வை ஒரு விலை, வெளியே ரோட்டுக் கடையில் அதே கட்டம் போட்ட விசைத்தறிப் போர்வை அதைவிட மலிவு. 1941-ல் தொடங்கிய சங்கம் இன்னும் பாவு கொடுத்துக்கொண்டும் துணி எடுத்துக்கொண்டும் இருக்கிறது. தறியில் உட்காருகிறவர்களில் பலர் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கூடத்தான் வருகிறது.